அக்காவே இல்லாதவனுக்கு அக்கா போன்!

"நாயி எங்மே?"

ராத்திரி பதினொரு மணி. ஹாஸ்டல் ரெண்டாவது மாடி வராண்டாவில் நின்னு நான் சத்தமாக் கேட்ட கேள்வி இது. மாடிப்படி ஏறி வந்துட்டிருந்த வார்டன் அப்படியே நின்னுட்டார். "யாரைடா நாயின்னு சொன்னே?"

சத்தியமா சொல்றேன் பாஸ்... நான் நாயைப் பத்தியும் பேசல, வார்டனைப் பத்தியும் பேசல. "சாவி எங்கே?"ன்னுதான் கேட்டேன். எங்க பாஷையில சாவிக்குப் பேரு நாயி! அதை அவருக்கு விளக்கிச் சொல்லவா முடியும்? ஒரு வாரம் அவர் கண்ணுல படாம, மெஸ்ஸுக்குச் சுத்து வழியாப் போயிட்டு வந்தோம்.

'அது என்னடா எங்க பாஷை?'ன்னுதானே கேக்கறீங்க? சொல்றேன். சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்ச கதைதான். முடிவு அவ்வளவு சிரிப்பா இருக்காது. அதையும் முதல்லயே சொல்லிடறேன்.

எங்க ரூம்ல சனிக்கிழமை ராத்திரி ஆனா 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நடக்கும். தெரியாதவங்களுக்காக ஒரு குட்டி ட்ரெய்லர். 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு பேர் உருவாக்கின விளையாட்டு. இதுக்கு டி.வி. வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். நாலஞ்சு பேர் சுத்தி உட்காரணும், அவ்வளவுதான். ஒருத்தன் கதைசொல்லி. மத்தவங்க ஆளுக்கொரு வேஷம். போர்வீரன், மந்திரவாதி, திருடன்... இப்படி. "குகைக்குள்ள நுழையறீங்க. ஒரே இருட்டு. என்ன பண்றீங்க?"ன்னு கதைசொல்லி கேப்பான். நாம என்ன சொல்றோமோ அதுதான் அடுத்த சீன். நினைச்சது நடக்குமா, சொதப்புமான்னு இருபது முகம் இருக்கற ஒரு பகடை முடிவு பண்ணும். எங்ககிட்ட அந்தப் பகடை இல்ல. ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் சீட்டு எழுதி, மெஸ் டம்ளர்ல போட்டுக் குலுக்கினோம். (அந்த டம்ளர் இன்னும் மெஸ்ஸுக்குத் திரும்பிப் போகல... ஹிஹி!)

எனக்குக் கிடைச்ச வேஷம் திருடன். 2014-ல வந்த அஞ்சாவது பதிப்பு விதிப்படி, திருடனுக்கு முதல் லெவல்லயே ஒரு சொத்து எழுதி வெச்சிருக்காங்க. 'தீவ்ஸ் கேன்ட்'. அதாவது, திருடர்களோட ரகசிய பாஷை. சாதாரணமாப் பேசிக்கற மாதிரியே இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள வேற சேதி ஓடும். அதே பாஷை தெரிஞ்ச இன்னொருத்தனுக்கு மட்டும்தான் புரியும். ஒரே ஒரு சிக்கல்... நேராச் சொல்றதைவிட இதுல சொல்ல நாலு மடங்கு நேரம் ஆகும்னு விதியிலயே போட்டிருக்கு. இந்த நாலு மடங்கைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி வரும்.

இந்தத் திருட்டு பாஷை வெறும் கற்பனை இல்ல. 16-ம் நூற்றாண்டு இங்கிலாந்துல ஊர் ஊராச் சுத்தினவங்க, பிச்சை எடுத்தவங்க, சில்லறைத் திருடர்கள் எல்லாம் நிஜமாவே இப்படி ஒரு பாஷை பேசினாங்க. கென்ட் பகுதியில இருந்த தாமஸ் ஹார்மன்னு ஒரு பெரிய மனுஷர், வாசலுக்கு வந்தவங்களை எல்லாம் விசாரிச்சு, அவங்க வார்த்தைகளைப் பட்டியல் போட்டு 1560-கள்ல புத்தகமாவே வெளியிட்டுட்டார். 'லைட்மன்ஸ்'னா பகல். 'டார்க்மன்ஸ்'னா ராத்திரி. 'கென்'னா வீடு. கேக்க ஜாலியா இருக்குல்ல? ஆனா அந்த ஆளுங்க நிலைமை ஜாலியா இல்ல. 1572-ல வந்த சட்டப்படி, ஊர் சுத்தறவன் பிடிபட்டா சவுக்கடி, காதுல சூடு. அப்போ ரகசியமாப் பேசறது அவங்களுக்கு ஸ்டைல் இல்ல பாஸ். உயிர்ப் பிரச்னை.

நம்ம ஊர்லயும் இது இருந்திருக்கு. இலக்கணப் பாடத்துல 'குழூஉக்குறி'ன்னு ரெண்டு மார்க் கேள்வி வருமே, ஞாபகம் இருக்கா? பொற்கொல்லர் பொன்னைப் 'பறி'ன்னு சொல்வாங்கன்னு உதாரணம் எழுதியிருப்போம். வாடிக்கையாளர் எதிர்லயே உட்கார்ந்திருக்கும்போது 'பறி'ன்னு பேசிக்கிட்டா அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

கைகாக்ஸ் கூட்டம் இதை இன்னும் ஒரு படி மேல கொண்டுபோச்சு. ஆரம்ப காலப் பதிப்புகள்ல, நல்லவங்க கட்சிக்கு ஒரு பாஷை, கெட்டவங்க கட்சிக்கு ஒரு பாஷை, நடுநிலைக்காரங்களுக்கு ஒரு பாஷைன்னு தனித்தனியா இருந்துச்சு. 1981-ல வந்த பேசிக் புத்தகத்துப்படி கட்சி மாறினா பாஷையும் மாறிடும்! (நம்ம ஊர் அரசியலுக்கு அப்படியே பொருந்துதே மக்கா!) 2003-ல வந்த மூணரைப் பதிப்புல இன்னும் கடுமை. காட்டைக் காக்கற 'ட்ரூயிட்'னு ஒரு வேஷம் உண்டு. அந்த ட்ரூயிட் தன் ரகசிய பாஷையை வெளியாளுக்குச் சொல்லிக் கொடுத்தா, அவனோட மந்திர சக்தி மொத்தமும் போயிடும்.

இப்படி எங்களுக்கு விதி எல்லாம் தெரியும். ஆனா பேச ஒரு பாஷை வேணுமே? விதிப் புத்தகத்துல 'திருட்டு பாஷை உனக்குத் தெரியும்'னு ஒரு வரிதான் இருக்கு. அந்த பாஷை எப்படி இருக்கும்னு இல்ல. அப்போதான் சீனியர் ஒருத்தரோட லேப்டாப்ல 'ஃபைனல் ஃபேன்டஸி டென்' பார்த்தேன்.

2001-ல பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த கேம். 2016-ல கம்ப்யூட்டருக்கும் வந்துச்சு. டீடஸ்னு ஒரு பையன், தனக்குத் தெரியாத ஓர் உலகத்துல போய் விழறான். அவனை முதல்ல கண்டுபிடிக்கறது 'அல் பெட்'ங்கற ஜனங்க. இயந்திரம் உபயோகிக்கறாங்கன்னு அந்த உலகமே ஒதுக்கி வெச்ச கூட்டம் அது. அவங்க பேசறது டீடஸுக்கும் புரியாது, விளையாடற நமக்கும் புரியாது. கீழ ஓடற சப்டைட்டில்கூட அவங்க பாஷையிலதான் இருக்கும். ஆளுக்கு ஒரு துப்பாக்கியோட சுத்தி நின்னு கத்தறாங்க. ரிக்குன்னு ஒரு பொண்ணு மட்டும் நடுவுல பூந்து ஏதோ பேசுது. அப்புறம் டீடஸ்கிட்ட வந்து "குன்னோ"ன்னு சொல்லிட்டு, வயித்துல ஒரு குத்து. ஆள் மயக்கம்.

போற வழியெல்லாம் அந்த பாஷையோட பாடப் புத்தகங்கள் சிதறிக் கிடக்கும். மொத்தம் 26. ஒரு புத்தகத்துக்கு ஓர் எழுத்து. ஒவ்வொண்ணாப் பொறுக்கப் பொறுக்க, சப்டைட்டில்ல ஒவ்வோர் எழுத்தா மாறும். கேமை முடிச்சுட்டு, சேர்த்து வெச்ச புத்தகங்களோட மறுபடி முதல்ல இருந்து ஆடலாம். அப்போதான் புரியும்... துப்பாக்கிக்காரங்க "கொன்னுடலாம்"னு பேசியிருக்காங்க, ரிக்கு "விட மாட்டேன்"னு மல்லுக்கு நின்னிருக்கா. அந்த "குன்னோ"வுக்கு அர்த்தம், ஸாரி!

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு பாஸ்.

அந்த பாஷையோட டெக்னிக் ரொம்ப சிம்பிள். ஆங்கில எழுத்துகளை இடம் மாத்திப் போட்டிருக்காங்க. உயிரெழுத்து இருக்கற இடத்துல இன்னோர் உயிரெழுத்து, மெய் இருக்கற இடத்துல இன்னொரு மெய். அதனாலதான் வாயில நுழையுது. நெட்வொர்க் செக்யூரிட்டி பேப்பர்ல 'சப்ஸ்டிட்யூஷன் சைஃபர்'னு படிச்சு, இன்டர்னல்ல பாதி மார்க் வாங்கின அதே சங்கதி.

அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து தமிழுக்கு ஒண்ணு தயார் பண்ணினேன். உயிரைத் தொடாதே, மெய்யை மட்டும் ஜோடி மாத்து. க-ம, ச-ந, ட-ண, த-ப, ய-வ, ர-ல, ழ-ள, ற-ன. மொத்தம் எட்டு ஜோடி. ங-வும் ஞ-வும் அப்படியே. போட்டுப் பாருங்க... சாப்பாடு, 'நாத்தாணு'. தண்ணி, 'பட்டி'. மச்சி, 'கந்நி'. சாவி, 'நாயி'. இதுல ஹைலைட் என்னன்னா, அம்மா 'அக்கா' ஆயிடுவாங்க. அக்கா 'அம்மா' ஆயிடுவாங்க!

ரூம்ல நாங்க நாலு பேர். அதுல மூணு பேர் விளையாடுவோம். பக்கத்து ரூம்ல இருந்து ரெண்டு பேர் வருவாங்க. நாலாவது ரூம்மேட் மட்டும் விளையாட மாட்டான். பிடிக்காம இல்ல. சனிக்கிழமை மத்தியானம் கிளாஸ் முடிஞ்சதும் ஊருக்கு பஸ் ஏறிடுவான். அவங்க அப்பாவோட டீக்கடையில ஞாயித்துக்கிழமை கூட்டம் அதிகம், ஆள் வேணும். திங்கட்கிழமை விடிகாலை பஸ்ல வந்து நேரா கிளாஸுக்கு வருவான்.

முதல் ஒரு மாசம் எங்க பாஷை சனிக்கிழமைக்கு மட்டும்தான் இருந்துச்சு. 'நாலு மடங்கு நேரம்'ங்கறது எவ்வளவு உண்மைன்னு அப்போ தெரிஞ்சுச்சு. ஒரு வாக்கியம் பேசறதுக்குள்ள பூதம் வந்து எங்களை அடிச்சுட்டுப் போயிடும். ஆனா பழகப் பழக வேகம் வந்துச்சு. அப்புறம் மெஸ்ல பேசினோம். கிளாஸ்ல பேசினோம். கடைசியா ரூம்ல, அந்த நாலாவது ஆள் பக்கத்துல துணி மடிச்சுக்கிட்டு இருக்கும்போதே பேசினோம்.

ஒருநாள் அவன் கேட்டான், "எனக்கும் கத்துக் குடுங்கடா." நான் பெரிய ட்ரூயிட் மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு, "அது கேம்ல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் மச்சி. சொல்லிக் குடுத்தா சக்தி போயிடும்"னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சோம். அவனும் சிரிச்சான்.

இங்க ஒரு ஃப்ளாஷ்பேக் சொல்லியே ஆகணும். நான் தமிழ் மீடியம். ஃபர்ஸ்ட் இயர்ல கிளாஸுக்குள்ள போனா, முன் பெஞ்சு பசங்க ஆங்கிலத்துல பேசிச் சிரிப்பாங்க. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கறாங்களோன்னு உள்ளுக்குள்ள உதறும். ஒரு வார்த்தையும் பிடிபடாது. அந்த ஆறு மாசம் லைப்ரரியில என்கூட டிக்‌ஷனரியும் கையுமா உட்கார்ந்தது யார் தெரியுமா? இதே நாலாவது ஆள்தான். அவனும் தமிழ் மீடியம். ஆக, புரியாத பாஷைக்கு வெளிய நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் செஞ்சேன்.

போன செமஸ்டர் கடைசியில ஒரு பிரச்னை வந்துச்சு. ஃபைனல் இயர் பிளாக்ல ரூமுக்கு மூணு பேர்தான். யார் யார் ஒண்ணா இருக்கப்போறோம்னு எழுதிக் குடுக்கணும். ஒருநாள் ராத்திரி, அவன் கட்டில்ல உட்கார்ந்து ஏதோ எழுதிட்டிருக்கும்போதே, நாங்க எங்க பாஷையில அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சோம். "இவன் ரொம்ப சீரியஸ் டைப். சனிக்கிழமையும் இருக்கறதில்ல. ஒரு ஜாலியும் கிடையாது. கழட்டி விட்டுட்டு, நாம மூணு பேரும் இருந்துக்கலாம்." இதைச் சொன்னது நான் இல்ல. நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "நலி." அதாவது, சரி.

பத்து நாள் கழிச்சு நோட்டீஸ் போர்டுல லிஸ்ட் ஒட்டினாங்க. நாங்க அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தோம். அவன் பேரு வேற ரூம்ல இருந்துச்சு. அவனே போய் எழுதிக் குடுத்திருக்கான்.

ரூமுக்கு ஓடினேன். பெட்டி கட்டி வெச்சிருந்தான். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்... "ஏன்டா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"ன்னு நான் கேட்டேன். நான்! வெக்கமே இல்லாம!

அவன் நிமிர்ந்து பார்த்துட்டு, மெதுவாச் சொன்னான், "துலிவுபு கந்நி."

எழுத்து எழுத்தா மாத்திப் பார்த்து அர்த்தம் கண்டுபிடிக்க எனக்கே பத்து செகண்ட் ஆச்சு. 'புரியுது மச்சி.'

ரஃப் நோட்டோட கடைசிப் பக்கத்தைக் காட்டினான். எட்டு ஜோடியும் வரிசையா இருந்துச்சு. முதல் ஜோடி க-ம. அது எப்படிக் கிடைச்சுதாம் தெரியுமா? ஒருநாள் நான் எங்க பாஷையில "நேத்து அம்மா போன் பண்ணாங்க"ன்னு நண்பன்கிட்ட சொல்லியிருக்கேன். அதுல அவன் காதுல நல்லா விழுந்தது ஒரே வார்த்தை, 'அக்கா'. நான் வீட்டுக்கு ஒரே பையன். எனக்கு அக்காவே கிடையாதுன்னு அவனுக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி நான் அம்மாகூடப் போன்ல பேசினதையும் கேட்டிருக்கான். அப்போ அக்கான்னா அம்மா! அடுத்து, நாங்க சாவியைத் தேடும்போது 'நாயி, நாயி'ன்னு கத்தினது. ரெண்டு ஜோடி கிடைச்சுது. அப்புறம் எந்த எழுத்து அடிக்கடி வருதுன்னு கோடு போட்டு எண்ணியிருக்கான். 9-ம் நூற்றாண்டுல பாக்தாத்துல இருந்த அல்-கிந்திங்கற அறிஞர், ரகசிய எழுத்தை உடைக்க எழுதி வெச்ச வழியும் இதுதான். அவரைப் பத்தி நான் பரீட்சைக்குப் படிச்சேன். சிவில் படிக்கற அவனுக்கு அந்த பேப்பரே கிடையாது. தானாவே கண்டுபிடிச்சிருக்கான்.

"எதுக்குடா இவ்வளவு கஷ்டப்பட்டே?"ன்னு கேட்டேன்.

"முழுசாக் கத்துக்கிட்டு ஒருநாள் உங்க முன்னாடி பேசிக் காட்டலாம்னு இருந்தேன்டா. மாசத்துல ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போகாம இருந்துக்கறேன், என்னையும் சேர்த்துக்குங்கடான்னு உங்க பாஷையிலயே கேக்கலாம்னு..." கொஞ்சம் நிறுத்தினான். "எனக்கு முழுசாப் புரிஞ்ச முதல் பேச்சே அன்னிக்குப் பேசினீங்களே, அதுதான்."

எனக்கு வாய் வரல. கடைசியில, "நாலி"ன்னேன். எங்க பாஷையில 'ஸாரி'. 'நலி'க்கும் 'நாலி'க்கும் நடுவுல ஒரே ஒரு துணைக்கால்தான்.

"அதைத் தமிழ்ல சொல்லுடா"ன்னான்.

நம்புங்க, அதுக்குத்தான் நாலு மடங்கு நேரம் ஆச்சு. "மன்னிச்சுடுடா"ன்னு சொன்னேன். "ம்"ன்னான். அப்புறம், "இந்தப் பெட்டியை ஒரு கை பிடி"ன்னான். ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு, ஃபைனல் இயர் பிளாக் வரைக்கும் பேசாமத் தூக்கிட்டுப் போய் வெச்சுட்டு வந்தோம்.

அதுக்கப்புறம் நிறைய யோசிச்சேன். ஹார்மன் காலத்து ஆளுங்க சவுக்கடிக்குப் பயந்து ரகசியமாப் பேசினாங்க. கேம்ல வர்ற அல் பெட் ஜனங்க, ஊரே ஒதுக்கினதால தங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. எல்லாமே பலம் கம்மியான பக்கம், பலமான பக்கத்துக்கு எதிரா வெச்சுக்கிட்ட பூட்டு. நாங்க என்ன பண்ணினோம்? அஞ்சு பேர் ஒண்ணாச் சேர்ந்துக்கிட்டு, தனியா இருந்த ஒருத்தன் மேல அந்தப் பூட்டைப் போட்டோம். விதி அதேதான், ஆனா ஆட்டம் தலைகீழாப் போச்சு.

இன்னொண்ணும் தோணுச்சு. அந்த ஃபைனல் ஃபேன்டஸி கேமை உருவாக்கினவங்க, புரியாத பாஷையைக் காட்டினதோட விட்டுடல. 26 புத்தகத்தையும் வழியிலயே போட்டு வெச்சிருந்தாங்க. கஷ்டப்பட்டுத் தேடினா எவனும் உள்ள வரலாம். ஒரு விளையாட்டுக்கு இருந்த அந்தப் பெருந்தன்மை எங்களுக்கு இல்ல. எங்க ரூமோட நாலாவது ஆள் எட்டு ஜோடியையும் தானாவே தேடி எடுத்துக்கிட்டு வந்தான். வந்தப்போ உள்ள அவனுக்கு இடம் இல்ல.

இப்போ எங்க ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கோம். எட்டு ஜோடியும் பெரிசு பெரிசா எழுதி. ஜூனியர் பசங்க அதைப் பார்த்துட்டு வந்து எங்களையே ஓட்டறாங்க. ஒரு முக்கியமான விஷயம்... ஆள் இல்லாதபோது சொல்ல முடியாததை, ஆள் இருக்கும்போது இந்த பாஷையிலயும் சொல்றதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம். விளையாட்டையும் வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு மாத்தியாச்சு. அவனைக் கூப்பிட்டேன். "பார்க்கலாம்"னு சொல்லியிருக்கான். இதுவரைக்கும் வரல. வருவான்னு நினைக்கறேன். ஒரு சீட்டு அவனுக்காகக் காலியா இருக்கு.

சரி, உங்க கேங்குக்கும் ஒரு பாஷை இருக்கும்தானே? பட்டப்பேரு, பாதி வார்த்தை, யாருக்கும் புரியாத பழைய ஜோக்... அதெல்லாம் இல்லாம என்ன காலேஜ்? தாராளமாப் பேசுங்க. அப்படிப் பேசும்போது, பக்கத்துல ஒருத்தர் பேசாம துணி மடிச்சுக்கிட்டு இருக்காரான்னு மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்குங்க. அப்படி யாராவது இருந்தா, முதல் வேலையா அந்த நாயியை அவர் கையில குடுத்துடுங்க.

(வார்டன் சார், இதைப் படிச்சீங்கன்னா... நாயின்னா சாவி சார்! சத்தியமா!)